மலை வெயிலும் முப்பது மில்லி சீரமும்

சேலத்தில் பேருந்து ஏறும்வரை வெயிலைத் திட்டிக்கொண்டிருப்பவர்கள், ஏற்காட்டில் இறங்கியதும் அதே வெயிலில் அரை மணி நேரம் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். குளிர்காற்று செய்யும் வேலை இது. தோலுக்குச் சூடு தெரியும். புற ஊதாக் கதிர் தெரியாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் அந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சேலம் நகரம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். ஆக, மலையேறியவர் முகத்தில் கீழே விழுந்ததைவிட எட்டில் ஒரு பங்கு கூடுதலாகக் கதிர் விழுகிறது. மூடாக்கு வானத்தை நம்பவும் முடியாது. மெல்லிய மேகத்தை அந்தக் கதிர் 80 சதவீதம் வரை ஊடுருவிவிடும்.

வயதைக் குறைப்பதாகச் சொல்லும் சீரங்களைப் பற்றிய பேச்சை ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலிருந்து தொடங்குவதற்கு இதுவே காரணம். குப்பனூர் பக்கமாக மலையேறினால் வரும் கொட்டச்சேட்டைச் சுற்றிலும் காபித் தோட்டங்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். காபிச் செடிக்கு நிழல் வேண்டும் என்பதால் சில்வர் ஓக், பலா என்று மரங்களை வளர்த்தார்கள். செடிக்காக வைத்த நிழலில் பழம் பறிக்கும் பெண்களும் நின்றார்கள். தலையில் துண்டு, முழுக்கைச் சட்டை, மேலே மரக்கிளை. முகச் சுருக்கத்தைத் தள்ளிப்போட இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்தத் தோல் மருத்துவரும் எழுதித்தர முடியாது. அதே பெண்கள் சாலை வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகும்போது அந்த நிழல் கிடைப்பதில்லை.

தோல் முதிர்வதில் வயதின் பங்கு ஒன்று, வெயிலின் பங்கு ஒன்று. வெயிலின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு 2012-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்ட ஒரு படம் போதும். 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் முகம் அது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் தொங்கி, வரிவரியாகப் பள்ளம் விழுந்து கிடக்கிறது. வலது கன்னம் பத்திருபது வயது இளையவருடையதுபோல இருக்கிறது. ஒரே உடல், ஒரே வயது. ஜன்னல் கண்ணாடி ஒருவகைக் கதிரைத் தடுத்தது, யுவிஏ எனப்படும் இன்னொரு வகையை உள்ளே விட்டது. நம் ஊரில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் என்பதால், மலைப்பாதையில் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு வலது கைதான் கறுத்திருக்கும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நம் நிறத் தோலில் முதுமை சுருக்கமாக முதலில் வருவதில்லை. கன்னத்தில் மங்கு படரும், கண்ணைச் சுற்றிக் கருமை ஏறும், நிறம் திட்டுத்திட்டாகப் பிரியும், சுருக்கம் பிறகுதான். ஆனால் கைபேசியில் வரும் சீரம் விளம்பரம் பெரும்பாலும் ‘மெல்லிய கோடுகள்’, ‘கொலாஜன்’ என்றே பேசுகிறது. வெள்ளைத் தோலுக்கு எழுதிய வசனத்தை நமக்கு மொழிபெயர்த்து விற்கிறார்கள். மங்குக்குப் புற ஊதாக் கதிரோடு கண்ணுக்குத் தெரியும் ஒளியும் காரணம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதைத் தடுக்க இரும்பு ஆக்சைடு கலந்த, சற்றே நிறமுள்ள சன்ஸ்கிரீன் வேண்டும். இதை எத்தனை விளம்பரம் சொல்கிறது?

சரி, குப்பிக்கு வருவோம். முப்பது மில்லி 600 ரூபாய் என்றால் லிட்டர் 20,000 ரூபாய். அந்த விலைக்கு விற்பவர் தன் பொருள் வேலை செய்யும் என்று யாரிடமாவது நிரூபிக்க வேண்டுமா? நம் நாட்டில், விற்பனைக்கு வரும் முன் அப்படி எதுவும் தேவையில்லை.

1940-ம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி, சுத்தப்படுத்தவும் அழகூட்டவும் தோற்றத்தை மாற்றவும் மேலே பூசுவது அழகுசாதனம். நோயைத் தீர்க்கவோ, உடலின் கட்டமைப்பையோ செயலையோ மாற்றவோ தருவது மருந்து. மருந்து என்றால் சோதனை, அனுமதி, சீட்டு என்று நீண்ட வழி. அழகுசாதனம் என்றால் 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட அழகுசாதன விதிகளின்படி தயாரிப்பு உரிமம் வேண்டும், உட்பொருட்களின் பெயரை அச்சிட வேண்டும், பாதரசம், ஈயம் போன்றவை வரம்புக்குள் இருக்க வேண்டும். தவறான எண்ணத்தைத் தரும் வாசகம் கூடாது என்றும் அந்த விதி சொல்கிறது. சொன்னதைச் செய்யுமா என்பதற்கான ஆதாரத்தை முன்கூட்டிக் கொடு என்று மட்டும் அது கேட்பதில்லை.

இந்த இடைவெளியில்தான் சீரம் வியாபாரம் நடக்கிறது. விற்கும்போது மருந்தைப் போலப் பேசலாம். கேள்வி வந்தால் அழகுசாதனம் என்று ஒதுங்கிக்கொள்ளலாம். என் வாதம் எளிமையானது. உங்கள் சீரம் உண்மையிலேயே தோலின் அடியில் கொலாஜன் என்ற புரதத்தை வளர்க்கிறது என்றால் அது மருந்தின் வேலை. மருந்துக்குரிய சோதனையைக் காட்டுங்கள். வளர்க்கவில்லை என்றால் அட்டையில் ஏன் அச்சிட்டீர்கள்?

அமெரிக்காவில் இந்தக் கேள்வியை அரசே கேட்டது. லோரியால் நிறுவனம் ஜெனிஃபீக், யூத் கோட் என்ற பெயர்களில் விற்ற பொருட்கள் மரபணுக்களைத் தூண்டி இளமை தரும் என்று விளம்பரம் செய்தது. அந்த உரிமைகோரல்கள் பொய்யானவை, ஆதாரமற்றவை என்று அங்குள்ள வர்த்தக ஆணையம் வழக்கெடுத்தது. 2014 ஜூனில், இனி நம்பகமான அறிவியல் ஆதாரம் இல்லாமல் அப்படிச் சொல்வதில்லை என்று நிறுவனம் உடன்படிக்கைக்கு வந்தது. அபராதம் கிடையாது. பொருளும் கடையிலிருந்து போகவில்லை. வாசகம் மட்டும் போனது. நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 2013-ல் 79 ரூபாய் கொடுத்து ஆண்களுக்கான சிவப்பழகு கிரீம் வாங்கிய ஒருவர், சொன்னபடி நடக்கவில்லை என்று டெல்லியில் வழக்குப் போட்டார். இமாமி நிறுவனம் 14.5 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று மாவட்ட நுகர்வோர் ஆணையம் உத்தரவிட்டது 2024 டிசம்பரில். பதினொரு வருடம்! ஒரு குப்பிக்காக அத்தனை காலம் நீதிமன்றப் படி ஏற யாரால் முடியும்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013-லேயே அழகுசாதன உரிமைகோரல்களுக்குச் சான்று இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அங்கே பாரம் விற்பவர் தலையில்.

இப்படிச் சொல்வதால் சீரம் எல்லாமே ஏமாற்று என்று நான் வாதாடுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சில உட்பொருட்களுக்கு உறுதியான சான்று இருக்கிறது. முதலிடம் வைட்டமின் ஏ குடும்பத்துக்கு. அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் ட்ரெட்டினாயின் மருந்தை முகப்பருவுக்காகத்தான் கொண்டுவந்தார். பருவுக்குப் பூசிய நடுவயதுப் பெண்கள் முகம் வழுவழுப்பாகிறது என்று சொல்ல, விஷயம் சுருக்கத்தின் பக்கம் திரும்பியது. 1988-ல் வந்த சோதனையில் ஒரு கையில் மருந்தும் மறு கையில் மருந்தில்லாத வெறும் கிரீமும் பூசி 16 வாரம் பார்த்தார்கள். சோதனையை முடித்த 30 பேருக்கும் மருந்து பூசிய கை தேறியிருந்தது. ஆனால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தோல் சிவந்து, உரிந்து, எரிந்தது. இந்த மருந்தின் முந்தைய வரலாறு அழகானதல்ல. பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலில் கிளிக்மன் நடத்திய பரிசோதனைகள், 1974-ல் நிறுத்தப்படும்வரை இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தவை, மருத்துவ நெறியின் கறுப்புப் பக்கங்களில் இருக்கின்றன.

ட்ரெட்டினாயின் மருந்து; மருத்துவர் சீட்டு வேண்டும். சீரத்தில் இருப்பது அதன் பலவீனமான உறவான ரெட்டினால். தோலுக்குள் போய் இரண்டு படி மாறினால்தான் அது வேலை செய்யும் வடிவத்துக்கு வரும். அதனால் எரிச்சலும் குறைவு, பலனும் குறைவு. மூன்று நான்கு மாதம் விடாமல் பூசுகிறவருக்கே வித்தியாசம் தெரியும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்களும் இந்தக் குடும்பம் முழுவதையும் ஒதுக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. எத்தனை குப்பியில் இது தமிழில் அச்சாகியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் முகத்துக்கான பொருட்களில் ரெட்டினாலுக்கு 0.3 சதவீதம், உடலில் பூசும் லோஷனுக்கு 0.05 சதவீதம் என்று உச்சவரம்பு போட்டது. உணவிலும் மாத்திரையிலும் வரும் வைட்டமின் ஏ-யோடு தோல் வழியாக வருவதும் சேர்ந்து அளவு மீறக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. இங்கே இணையத்தில் ஒரு சதவீதம் என்று பெருமையாகப் போட்டு விற்கிறார்கள். சதவீதம் கூடினால் பலன் கூடும் என்ற எண்ணம் பரவியிருப்பதால் அது விலை போகிறது.

இன்னொரு உட்பொருளான நியாசினமைடு பற்றிய சான்றும் பரவாயில்லை. 2005-ல் 50 பெண்களுக்கு 12 வாரம் முகத்தின் ஒரு பாதியில் மட்டும் 5 சதவீத நியாசினமைடு பூசிப் பார்த்ததில் கோடு, புள்ளி, மங்கல் எல்லாம் ஓரளவு குறைந்தன. ஆய்வை நடத்தியவர்கள் கிரீம் தயாரிக்கும் நிறுவனத்துக்காரர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மங்கு உள்ள நம் முகங்களுக்குப் பொருத்தமானது, மலிவானது, பொதுவாக எரிச்சல் தராதது. சோதித்தது 5 சதவீதம். கடையில் ஓடுவது 10 சதவீதம். கூடுதல் ஐந்து எதற்கு என்று விற்பவர்களைத்தான் கேட்க வேண்டும்.

வைட்டமின் சி-யின் கதை வேறு. பொருள் நல்லது, குணம் நிலையற்றது. அஸ்கார்பிக் அமிலம் தோலுக்குள் போக வேண்டுமானால் கரைசலின் புளிப்பு பி.எச். 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும். 20 சதவீதத்துக்கு மேல் சேர்த்தாலும் கூடுதலாக உள்ளே போவதில்லை. காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் பழுப்பேறிக் கெட்டுவிடும். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடும் சேலத்துக் கிடங்கில் இரண்டு நாள், பிறகு கூரியர் வண்டியில் ஒரு பகல் என்று மலையேறும் குப்பியில் எவ்வளவு மிச்சமிருக்கும்? துரு நிறத்துக்கோ காபி நிறத்துக்கோ மாறிய வைட்டமின் சி சீரத்தைக் காசு கொடுத்தோமே என்று பூசிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

ஹையலூரானிக் அமிலம் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். பனிக்காலத்தில் கொட்டச்சேட்டில் வறண்ட கன்னத்தில் தெரியும் கோடுகள் ஈரம் ஏறினால் மறையும். மருந்துக்கடை கிளிசரினைத் தண்ணீரில் கலந்து தடவினாலும் பெரும்பாலும் அதே பலன்தான். கொலாஜன் சீரம் என்று விற்பதைப் பற்றி எழுத இடம் வீணாக்கத் தேவையில்லை. 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறு தோலைத் தாண்டுவது கடினம் என்பது மருந்தியலில் பழைய விதி. கொலாஜனின் எடை ஏறக்குறைய மூன்று லட்சம்.

காபியை விளைவிக்கும் ஊர் என்பதால் காபி சீரத்துக்கு ஒரு பத்தி. கண்ணுக்குக் கீழே உள்ள வீக்கத்தைக் கஃபீன் வற்றவைக்கும் என்பது விளம்பரம். கஃபீன் சிறிய மூலக்கூறு, தோலுக்குள் எளிதாகப் போகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தாய்லாந்தில் 2011-ல் கஃபீன் ஜெல்லையும் கஃபீன் இல்லாத அதே ஜெல்லையும் ஒப்பிட்டவர்கள், வீக்கம் குறைவதற்கு ஜெல்லின் குளிர்ச்சியே முக்கியக் காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள். மார்கழி விடியலில் இந்த மலையில் குழாயைத் திறந்தால் வருவதும் அதுதான்.

வெறும் கிரீமும் வேலை செய்யும் என்பதுதான் இந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிரிட்டனின் பூட்ஸ் நிறுவனத்து சீரம் ஒன்றை 2007-ல் பிபிசி நிகழ்ச்சி பாராட்ட, கடைகளில் வரிசை நின்று வாங்கினார்கள். பிறகு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 60 பேரிடம் முறையாகச் சோதித்து 2009-ல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் சீரம் பூசியவர்களில் 43 சதவீதத்தினருக்கு முன்னேற்றம். சரக்கே இல்லாத வெறும் கிரீம் பூசியவர்களில் 22 சதவீதத்தினருக்கு முன்னேற்றம். விலையுயர்ந்த குப்பியின் பலனில் பாதியை ஈரப்பதம் என்ற ஒன்றே கொடுத்துவிட்டது. இப்படி ஒப்பிட்டுச் சோதிக்கத் துணிந்த நிறுவனங்களே மிகக் குறைவு என்பதால் பூட்ஸைப் பாராட்டவும் செய்யலாம்.

இனி கார்போகரிசி. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் பொட்டலம் கட்டித் தருவார்கள். நலங்கு மாவு அரைக்கும் வீடுகளில் கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கோடு இதுவும் சேரும். சித்த மருத்துவத்தில் வெண்புள்ளிக்குத் தருவது. இந்த விதையிலிருந்து பாகுச்சியால் என்ற பொருளை 1966-ல் பிரித்தெடுத்து அறிவித்தவர்கள் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தினர். அரை நூற்றாண்டு கழித்து அது மேலைநாட்டுக் குப்பிகளில் ‘தாவர ரெட்டினால்’ என்ற பட்டத்தோடு நமக்கே திரும்பி வந்திருக்கிறது. சான்று இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2019-ல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில் 44 பேர், 12 வாரம். ஒரு பிரிவுக்கு 0.5 சதவீத பாகுச்சியால் நாளுக்கு இருமுறை, இன்னொரு பிரிவுக்கு 0.5 சதவீத ரெட்டினால் ஒருமுறை. சுருக்கமும் கருமையும் இரண்டிலும் குறைந்தன, பெரிய வித்தியாசமில்லை. தோல் உரிதலும் எரிச்சலும் ரெட்டினாலில்தான் அதிகம். 44 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, ஆகவே இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனால் பரிசோதனை நேர்மையானது.

இதைப் படித்துவிட்டு, கார்போகரிசியை எண்ணெயில் காய்ச்சி முகத்தில் பூசினால் போதுமே என்று கிளம்புவார்கள் என்பதால்தான் இவ்வளவு நீட்டுகிறேன். கூடாது. அந்த விதையில் பாகுச்சியாலோடு சோரலென் என்ற பொருளும் இருக்கிறது. தோலை வெயிலுக்குக் கூருணர்வாக்கி நிறத்தைத் தூண்டுவது அதுதான். வெண்புள்ளிக்கு விதை உதவுவதன் சூட்சுமமும் அதுவே. நவீன மருத்துவத்திலும் சோரலென் கொடுத்துப் புற ஊதாக் கதிர் காட்டும் சிகிச்சை உண்டு, அளந்து, மேற்பார்வையில். விதை எண்ணெயைப் பூசிக்கொண்டு 1,500 மீட்டர் உயரத்து வெயிலில் நடந்தால் கொப்புளம் கிளம்பும், ஆறிய பிறகு கருந்தழும்பு நிற்கும். நலங்கு மாவு தேய்த்து உடனே கழுவுகிற பொருள் என்பதால் அதில் இந்த ஆபத்து குறைவு; பூசி அப்படியே விடும் எண்ணெய் வேறு. தொழிற்சாலையில் சுத்திகரித்து சோரலெனை நீக்கிய பாகுச்சியால் என்றால் குப்பியில் அப்படி உறுதி தர வேண்டும். இயற்கையானது, ஆகவே பாதுகாப்பானது என்ற வாதம் இந்த ஒரு விதையிலேயே உடைந்துபோகிறது.

எலுமிச்சைக்கும் இதே கணக்குதான். சாற்றையும் தேனையும் குழைத்து முகத்தில் பூசச் சொல்லும் குறிப்பு ஊர் முழுக்கச் சுற்றுகிறது. எலுமிச்சையின் தோலிலும் சாற்றிலும் உள்ள ஃபியூரனோகூமரின்கள் சோரலெனின் உறவினர்கள். பூசிக்கொண்டு வெயிலில் போனால் புண்ணாகும். ஏற்காட்டுக் கடைகளில் இயற்கைத் தைலங்கள், வாசனை எண்ணெய்கள், முகப்பூச்சுகள் வாங்காமல் சுற்றுலாப் பயணிகள் இறங்குவதில்லை. நீலகிரித் தைலத்தை நெஞ்சில் தேய்ப்பதற்கு வாங்குங்கள், ஆட்சேபமில்லை. ஆனால் எலுமிச்சைப் புல் எண்ணெயையும் ஆரஞ்சு எண்ணெயையும் முகத்துக்கு சீரம் என்று விற்றால், தயாரித்தவர் பெயர், உரிம எண், உட்பொருள் பட்டியல், காலாவதித் தேதி நான்கும் குப்பியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் சட்டப்படி அதை விற்கவே கூடாது. வாசனை எண்ணெய்களில் உள்ள லிமோனீன், லினலூல் ஆகியவை காற்றுப் பட்டு ஆக்சிகரணம் அடையும்போது ஒவ்வாமையைக் கிளப்புவதில் பெயர் பெற்றவை.

‘கெமிக்கல் இல்லாதது’ என்ற வாசகத்தைக் கண்டால் நான் கடையை விட்டு வெளியேறிவிடுவேன். தண்ணீர் கலந்த எதிலும் கிருமி வளரும். அதைத் தடுக்கப் பதப்பொருள் வேண்டும். பாரபென் என்ற பதப்பொருள் பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருப்பது, ஒவ்வாமை தருவதில் மிகக் குறைவானது. அதன்மேல் பயம் கிளம்பி நிறுவனங்கள் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற மாற்றுக்குத் தாவின. விளைவு, ஐரோப்பா முழுக்க ஒவ்வாமை அலை. 2013-ல் அமெரிக்கத் தொடு ஒவ்வாமைச் சங்கம் அதையே ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது. பூசி விடும் பொருட்களில் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடைசெய்தது. 2019-ல் அதே சங்கம் பாரபென்னுக்கு ‘ஆண்டின் ஒவ்வாமையற்ற பொருள்’ என்று கேலியும் பாராட்டுமாய் ஒரு பட்டம் கொடுத்தது. பதப்பொருள் இல்லாமல் வீட்டில் செய்த கற்றாழை சீரத்தை வாரக்கணக்கில் வைத்துக் கண்ணோரம் பூசுவதை நினைத்தால் எனக்கு பாரபென் எவ்வளவோ தேவலை.

உண்மையான ஆபத்து பெயர் தெரிந்த நிறுவனத்துக் குப்பியில் இருப்பது அரிது. அது பெயரில்லாத டப்பாவிலும், மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் டியூபிலும் இருக்கிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை வந்த 22 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டியைத் தாக்கும் நோய். அவர்களில் 15 பேருக்கு அரிதான ஒரு வகை. அந்தப் பதினைந்தில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். குற்றவாளி பாதரசம். நிறமி உருவாக்கும் நொதியை அது முடக்குவதால் முகம் சில வாரங்களில் ‘பளிச்’ என்றாகும். அந்தப் பளிச்சுக்குச் சிறுநீரகம் விலை கொடுக்கும். முகத்தில் பூசும் பொருளில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கூடாது என்பது நம் விதி. அந்த 13 பேரும் பூசியது சீரம் அல்ல, கிரீம். ஆனாலும் ‘ஏழு நாளில் மாற்றம்’ என்று சொல்லும் எந்தக் குப்பியைப் பார்த்தாலும் முதலில் அந்தப் பதின்மூன்று பேர் நினைவுக்கு வர வேண்டும். ரெட்டினாலுக்கே மூன்று மாதம் ஆகிறது.

ஸ்டீராய்டு டியூபின் கதை நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. படை, அரிப்புக்கான களிம்பை முகப்பொலிவுக்குப் பூசுவார்கள். முதல் வாரம் முகம் மின்னும். பிறகு தோல் மெலியும், ரத்தக்குழாய் தெரியும், பரு கிளம்பும், நிறுத்தினால் எரியும், எரிகிறதே என்று மறுபடி பூசுவார்கள். 2011-ல் இந்தியத் தோல் மருத்துவர்கள் பல மையங்களில் எடுத்த கணக்கில், முகத்தோல் சிக்கலோடு வந்த 2,926 பேரில் 433 பேர் இப்படி ஸ்டீராய்டு பூசியவர்கள். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டும் என்றது. இன்றைக்கும் பல கடைகளில் பெயர் சொன்னால் கிடைக்கிறது. முகம் கெட்டுப்போனவர்கள் இன்னொரு சீரம் தேடாமல் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போவது நல்லது. அங்கே பார்த்துக்கொள்ளப் பணம் கேட்பதில்லை.

அட்டையைப் படிக்க ஒரே ஒரு சூட்சுமம் சொல்கிறேன். உட்பொருட்களை அளவு இறங்கும் வரிசையில் எழுத வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் குறைவானதும் மட்டும் எந்த வரிசையிலும் வரலாம். ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பதப்பொருளுக்கு உச்சவரம்பு ஒரு சதவீதம். ஆகவே பட்டியலில் அந்தப் பெயரைக் கண்டுபிடியுங்கள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் பாராட்டப்பட்ட குங்குமப்பூவோ மாதுளையோ அதற்குப் பின்னால் வந்தால், அது குப்பியில் ஒரு சதவீதத்தைத் தாண்டாது. ரெட்டினாலும் பாகுச்சியாலும் குறைந்த அளவிலேயே வேலை செய்பவை என்பதால் பின்னால் வருவது இயல்பு. மற்றவற்றுக்கு இது நல்ல உரைகல். செறிவை வெளிப்படையாக அச்சிடும் பழக்கத்தை, 2016-ல் தொடங்கிய கனடாவின் தி ஆர்டினரி பரவலாக்கியது. இங்கே அதே பாணியில் 2020-ல் ஜெய்ப்பூரில் தொடங்கிய மினிமலிஸ்ட்டின் 90.5 சதவீதப் பங்கை வாங்கப்போவதாக 2025 ஜனவரியில் இந்துஸ்தான் யுனிலீவர் அறிவித்தது. சதவீதத்தை அச்சிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று இனி யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு, முதுமையைத் தள்ளிப்போடும் பொருள்களில் நீண்டகால, சீரற்ற தேர்வு முறைச் சோதனையில் தேறிய ஒன்று எதுவென்றால், அது சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாவின் நாம்பூர் ஊரில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை நாலரை ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். தினமும் பூசச் சொல்லப்பட்டவர்களின் தோல் முதிர்ச்சி, விருப்பம்போல் பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவு. 2013-ல் வெளியான முடிவு இது. அதே சோதனையில் பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு எந்தப் பலனும் தெரியவில்லை. இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் முகத்துக்குப் போதும். நாம் பூசுவது அதில் கால்வாசி. தோட்ட வேலைக்கும் சாலை வேலைக்கும் போகிறவர்களுக்குத் தினமும் அவ்வளவு கட்டுப்படியாகாது என்பதும் உண்மை. அவர்களுக்கு அகல விளிம்புத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வேலையிடத்தில் நிழல் பந்தலும் கொடுக்க வேண்டியவர்கள் முதலாளிகளும் ஊராட்சியும். முகம் முழுக்க சீரம் பூசி, சன்ஸ்கிரீன் இல்லாமல் இருசக்கர வாகனத்தில் மலையிறங்குகிறவர் பூசிய ரெட்டினால் வெயிலில் அவர் தோலை மேலும் நொய்ந்ததாக்குகிறது.

அரசு செய்ய வேண்டியது நீண்ட பட்டியல் இல்லை. கொலாஜனை வளர்க்கும், சுருக்கத்தை நீக்கும் என்று அச்சிடுகிறவர் அதற்கான சோதனையை உரிமக் கோப்பில் வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். 2020 விதிகளில் ஒரு திருத்தம் போதும். ரெட்டினாலுக்கு உச்சவரம்பும், விற்கும் மாநிலத்தின் மொழியில் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கையும் வேண்டும். அதற்கு டெல்லி மனது வைக்க வேண்டும். ஆனால் சந்தையிலிருந்து மாதிரி எடுத்துப் பாதரசமும் ஸ்டீராய்டும் இருக்கிறதா என்று பார்க்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை. கேரளத்தில் அந்தத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் 2023 முதல் கடைகடையாகப் போய் அழகுசாதனங்களைப் பறிமுதல் செய்தது. சில மாதிரிகளில் பாதரசம் அனுமதித்த அளவைப்போல் பல ஆயிரம் மடங்கு இருந்தது. தமிழ்நாட்டிலும் அப்படி ஒரு சுற்று வர வேண்டும். சேலத்து மருந்துக்கடைகளிலும் ஏற்காட்டுத் தைலக் கடைகளிலும் அதைத் தொடங்கி, முடிவுகளைக் கடைப் பெயரோடு வெளியிட வேண்டும். மே மாதக் கோடை விழாவுக்கு ஒரு மாதம் முன்பாகவே ஆய்வாளர்கள் வந்தால், கூட்டம் மலையேறும்போது ஆய்வக முடிவு கையில் இருக்கும்.